கெட்டிமேளத்துக்கு முன்னால்

சரவணா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, நடுவில் ஒரு மரக்கதவு மட்டும் இருக்கும்போது, அப்பன் மகனுக்குக் கடிதம் எழுதுவதா என்று உன் அம்மா என்னைக் கேலி செய்கிறாள். செய்யட்டும். நான் வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். நல்லதைச் சொன்னாலும் சண்டை பிடிப்பது போலத்தான் இருக்கும். நீயோ பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினாலே முகம் சுளிப்பவன். இத்தனை வருஷம் நான் உன்னிடம் பேசியதில் பாதி உன் காதில் அடியாகத்தான் விழுந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அதனால் எழுதுகிறேன். மில்லில் யூனியன் போர்டில் சாக்பீஸால் எழுதிப் பழகிய கை, எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், பொறுத்துக்கொள். உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். வேண்டும்போது படி, வேண்டாதபோது மடித்து வை. பேச்சை அப்படி மடித்து வைக்க முடியாது.

நிச்சயதார்த்தத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன், அன்றிலிருந்துதானே நீ என்னோடு பேசுவதில்லை. கோரிமேட்டில் அந்தச் சின்ன மண்டபத்துக்குள் ஆளுயர ஸ்பீக்கர் நாலு வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுகிற நேரத்தில் ஒருவன் மைக்கில் கத்த, பேண்டு வாத்தியம் சேர்ந்துகொள்ள, நான் திரும்பிப் பார்த்தபோது உன் நாற்காலி காலியாக இருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் பைக் நிறுத்தியிருந்த இடத்தில், சுவரைப் பார்த்தபடி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பட்டுப்புடவை மண்ணில் புரள நித்யா உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் உன்னைத் தொடவும் இல்லை, எதுவும் பேசவும் இல்லை. கல்யாணப் பெண் இப்படி மண்ணில் உட்காரலாமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் செய்ததுதான் சரி என்று புரிய எனக்குச் சில நாள் ஆயிற்று.

அதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். “மாப்பிள்ளைக்கு என்னாங்க ஆச்சு?” என்றார். நான் யோசிக்கவே இல்லை. “வயித்து வலிங்க. காலையில சாப்ட்ட பூரி ஒத்துக்கல” என்றேன். அந்த மனுஷன், பெண்ணைப் பெற்றவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஓடிப் போய் ஓமவாட்டர் பாட்டிலோடு வந்தார். மூடியில் ஊற்றி, “குடிங்க மாப்ள, கப்புனு கேக்கும்” என்று நீட்டினார். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு வாங்கிக் குடித்தாய். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் நீ சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். “எனக்கு வயித்து வலி இல்லப்பா. எனக்கு இருக்கறது என்னான்னு உனக்குத் தெரியும். சொல்றதுக்கு உனக்கு வெக்கமா இருக்குது. அவங்ககிட்ட உண்மையச் சொல்லு. சொல்ல முடியலன்னா இந்தக் கல்யாணமே வேணாம்.” அதோடு கதவைச் சாத்தினாய். பத்திரிகை அடித்தாகிவிட்டது, சத்திரம் பேசியாகிவிட்டது, மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான். இரண்டு பக்கமும் தூது போய் உன் அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது.

வெட்கம் என்று நீ சொன்னது உண்மை. மறுக்க மாட்டேன். ஆனால் வெட்கத்துக்கு முன்னாலேயே ஒரு தப்பு இருக்கிறது, அதை நீ சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அது புரிய, நான் வேலை பார்த்த இடத்தை உனக்குச் சொல்ல வேண்டும். தறி ஓடுகிற கொட்டகையை நீ பார்த்ததே இல்லை. ஒரு முறை கூட்டிப் போனபோது கேட்டிலேயே அழுது திரும்பிவிட்டாய். நூற்றுக்கணக்கான தறி ஒரே நேரத்தில் அடிக்கும். பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. புதிதாக வேலைக்கு வருகிறவன் முதல் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். சீனியர்கள் சிரிப்பார்கள். “பழகிடும்டா” என்பார்கள். ஒரு மாதம் போனால் அவனே தறிக்குப் பக்கத்தில் நின்று டீ குடிப்பான். நானும் அப்படித்தான் வாந்தி எடுத்தேன், அப்படித்தான் பழகினேன். சத்தம் பிடிக்காதவனைச் சத்தத்தில் போட்டால் சரியாகிவிடுவான் என்பது எனக்குப் பாடமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பாடத்தை உன் மேல் நடத்தினேன். நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன்னைப் பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேனே, கறிகாய் வாங்க என்றா நினைத்தாய்? உன்னைப் பழக்கத்தான். முதலில் பூக்கடைப் பக்கம், பிறகு காய்கறி, கடைசியில் மீன் விற்கிற இடம். மீன்காரம்மாக்கள் கூவுவதும், மூட்டை தூக்குகிறவர்கள் “ஓரம், ஓரம்” என்று இடித்துக்கொண்டு போவதும், ஐஸ் உடைக்கிற சத்தமும், அந்த வாடையும், காலடியில் தண்ணீரும். நீ என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப் போய் நிற்பாய். “பாரு, உன் வயசுப் பசங்க எப்படித் திரியறாங்க” என்பேன். ஒரு மீன்காரம்மா என்னைப் பார்த்து, “ஏன்யா புள்ளைய இந்தப் பாடு படுத்தற? அது மூஞ்சியப் பாரு” என்று திட்டினாள். அவளிடம் மீன் வாங்குவதை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனேன். நான் அப்படிப்பட்ட புத்திசாலி.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். தறிக் கொட்டகையில் பேச முடியாது என்பதால் நாங்கள் கையால் பேசுவோம். டீ, சூப்பர்வைசர் வருகிறான், நூல் அறுந்தது, சம்பளம் போட்டாச்சு, எல்லாவற்றுக்கும் கை உண்டு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. நீ குழந்தையாக இருந்தபோது சோறு சாப்பிட வா என்று உன் அம்மா தொண்டை வற்றக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய். நான் வாசலில் நின்று கையைக் காட்டினால் ஓடி வருவாய். எங்கள் கைச்சாடைகளில் பெரியது ஒன்று உண்டு. கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கி, சட்டென்று மூட வேண்டும். தறியை நிறுத்து என்று அர்த்தம். யார் தூக்கினாலும் நிறுத்தியாக வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் தூக்கினாலும் சரி, கூட்டிப் பெருக்குகிறவர் தூக்கினாலும் சரி. ஏன் என்று கேட்கக் கூடாது. எவன் விரலாவது உள்ளே மாட்டியிருக்கும். முதலில் நிறுத்து, பிறகு கேள். இதையும் உனக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். நீ கையைத் தூக்கி மூடினால், உன்னைத் தூக்கிச் சுற்றுகிற நான் அப்படியே சிலை மாதிரி நிற்பேன். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

அந்த மீன் கடை வரிசையில் ஒரு நாள் நீ கையைத் தூக்கினாய். வேட்டியை விட்டுவிட்டு, கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கி, மூடினாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மூடினாய். நான் பார்த்தேன், சரவணா. பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சிரித்தேன். “மார்க்கெட்டையே நிறுத்தச் சொல்றியா? நான் என்னா மேயரா?” என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஆள்களும் சிரித்தார்கள். உன் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு இன்னும் இரண்டு கடை தாண்டிக் கூட்டிப் போனேன். அங்கேயே நீ வாந்தி எடுத்தாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட வந்தது. வாந்தி வந்துவிட்டதல்லவா, இனி பழகிவிடும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ அந்தக் கையை என்னிடம் காட்டவே இல்லை. விளையாட்டுக்குக்கூடக் காட்டவில்லை. மில்லில் வேற்று ஆள் தூக்கினால் நிறுத்தியவன், பெற்ற பிள்ளை தூக்கியபோது நிறுத்தவில்லை.

நீயும் பழகியது போல நடித்தாய். பள்ளிக்கூடம், காலேஜ், பிறகு அந்தக் கம்பெனியில் போன் பேசுகிற வேலை. காதுக்குள் நாள் முழுக்க வேற்று மனுஷர்கள் கத்துகிற வேலைக்கு உன்னைச் சேர்த்துவிட்டதும் நான்தான். நீ வீட்டுக்கு வந்ததும் பாயில் சுருண்டு கிடப்பாய். பிறகு வேலைக்குப் போவது நின்றது, குளிப்பது நின்றது, சாப்பிடுவது நின்றது. நான் சோம்பேறித்தனம் என்றேன். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள் சொந்தக்காரர்கள். அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுப் போவாள். உன் கூடப் படித்த பெண் என்று நித்யா ஒரு நாள் வந்தாள். உன் அறைக்குள் அரை மணி நேரம் இருந்தாள். வெளியே வந்து, “அங்கிள், இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?” என்றாள். அந்தக் கேள்வியிலேயே என் மூக்கு உடைந்துவிட்டது.

டாக்டர் எங்களையும் ஒரு நாள் வரச் சொன்னார், உனக்கு நினைவிருக்கும். கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில், எந்தெந்த ஊர் பஸ்ஸிலோ வந்து இறங்கிய ஜனங்களோடு நாமும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். “சின்ன வயசுல இவரு சத்தத்துக்கு எப்படி இருப்பாரு?” என்று டாக்டர் கேட்டார். “பயந்தாங்கொள்ளி சார்” என்றேன். அப்போதுதான் உன் அம்மா வாயைத் திறந்தாள். தீபாவளிக்கு உன் காதில் பஞ்சு வைத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டது, புதுச் சட்டை காலரில் இருக்கும் துணிச்சீட்டைப் பிளேடால் எடுத்துவிட்டுத்தான் உனக்குப் போட்டுவிடுவது, தட்டில் சாம்பார் சட்னியைத் தொட்டால் நீ எழுந்துவிடுவாய் என்று தனிக் கிண்ணம் வைத்தது, ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரே வீட்டில் இருந்த எனக்கு அதில் ஒன்றுகூடத் தெரியாது. அன்றே சொல்லவில்லை, இன்னும் சில முறை வரச் சொல்லிப் பேசிய பிறகுதான் ஆட்டிசம் என்றார் டாக்டர். பெரியவர்களானபின் கண்டுபிடிப்பதும் உண்டு என்றார். உன் மூளை வேலை செய்கிற விதமே அப்படி, அதை மாற்ற வேண்டியதில்லை, ஆனால் மாறாததை மாற்றச் சொல்லி வருஷக்கணக்காக நெருக்கியதால்தான் மனம் இப்படி ஓய்ந்து படுத்துவிட்டது, அதற்கு மாத்திரையும் பேச்சும் வேண்டும் என்றார். “சத்தத்துக்குப் பழகிடும்னு நினைச்சேன் சார், நான் பழகின மாதிரி” என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்காமல், “நீங்க பழகலீங்க. உங்களுக்குக் காது போயிருக்குது” என்றார். எழுந்து வந்தேன். பெருமையாக நினைத்திருந்தது எல்லாம் செவிட்டுத்தனம்.

அப்படித் தெரிந்த பிறகும் வெளியே சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். நீ கட்டட வரைபடம் போடுகிற ஆபீஸில் சேர்ந்தாய். விடியற்காலையில் கூட்டம் வருவதற்கு முன் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருவாய். பஸ்ஸில் ஹெட்போன் போட்டுக்கொள்வாய். எப்போது தாங்காது என்று உனக்கே தெரிந்து எழுந்து போவாய். உன் வாழ்க்கையை நீ சரியாகத்தான் அமைத்துக்கொண்டாய். அதை ஊருக்குத் தெரியாமல் மூடி வைக்க வேண்டும் என்று நான்தான் பாடுபட்டேன். தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்று பயம். பெண் தானாகவே வந்து நின்ற பிறகும் அந்தப் பயம் போகவில்லை, பார்.

நேற்று சம்பந்தி வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அவர் விழுப்புரம் வண்டி ஓட்டிவிட்டு வந்து அப்போதுதான் காலை நீட்டியிருந்தார். “வாங்க சம்பந்தி, பத்திரிகை எதுனா பத்தலியா?” என்றார். “அன்னிக்கு சரவணனுக்கு வயித்து வலியே இல்லீங்க” என்று ஆரம்பித்தேன். என் தொண்டையைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. மெதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். பாதியிலேயே நித்யாவின் அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். எதிர்வீட்டு வாசலில் ஆள் நிற்பது தெரிந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரே மூச்சில் அந்தத் தெருவுக்கே சொல்லிவிட்டேன்.

அவர் நீட்டியிருந்த காலை மடக்கி உட்கார்ந்தார். பிறகு, “இது பொறக்கப்போற புள்ளைங்களுக்கும் வருமா?” என்றார். வராது என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது, பூரிக்குத் தயாரான அதே நாக்கு. கஷ்டப்பட்டு அடக்கினேன். “வரலாம்னு டாக்டர் சொல்றாருங்க. வராமயும் போகலாம். வந்தா என்னா செய்யணும்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. எம்புள்ளைக்குத் தெரியும்” என்றேன். அப்போது நித்யா அடுக்களையிலிருந்து வந்து, “எனக்கு எல்லாம் தெரியும்பா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே நாந்தான். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்” என்றாள். அவர் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப எனக்கு மட்டுந்தான் வயித்து வலியா? அந்த ஓமவாட்டருக்கு எத்தினி கடை ஏறி எறங்கினேன் தெரியுமா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரும் சிரிக்கச் சொல்லவில்லை. “நான் வண்டி ஓட்டறவன். பிரேக்குல கோளாறுன்னா ஏறதுக்கு முன்னாடி சொல்லணுங்க” என்றார். எனக்குச் சுரீரென்றது. “எம்புள்ள பிரேக்கு கெட்ட வண்டி இல்லீங்க” என்றேன். “மாப்பிள்ளையச் சொல்லல. உங்களச் சொல்றேன்” என்றார். வாங்கிக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

பிறகு காபி வந்தது. ஸ்பீக்கர் கிடையாது, பேண்டு கிடையாது, மாப்பிள்ளை அழைப்புக்கு வெடி கிடையாது என்று அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். ரிசப்ஷனில் நீயும் நித்யாவும் முடிந்த மட்டும் நின்றால் போதும் என்றார். ஒன்றில் மட்டும் அசையவில்லை. “கெட்டிமேளம் இல்லாம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறக் கூடாதுங்க. அந்த நேரத்துல ஒரு கெட்ட வார்த்த காதுல விழுந்துரக் கூடாதுன்னுதான் அது” என்றார். அவருடைய பயத்தை அவர் அப்படி மூடுகிறார், என்னுடையதை நான் வேறு மாதிரி மூடினேன். “அவரையே கேளுங்க” என்றாள் நித்யா. அதனால் உன்னைக் கேட்கிறேன். முடியும் என்றால் முடியும், முடியாது என்றால் முடியாது. நீ வேண்டாம் என்றால் நானே மறுபடி போய்ச் சொல்கிறேன், இந்த முறை ஜன்னலை முன்கூட்டியே சாத்தச் சொல்லிவிட்டு. காதில் அடைப்பான் வைத்துக்கொள்வாய் என்றால் வைத்துக்கொள். போட்டோவில் தெரிந்தால் தெரியட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு எப்படி இருக்க வேண்டும் என்று உனக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் அப்பனாகச் சிலது சொல்லிவைக்கிறேன். தாங்க முடியாத நாளில் தாங்குவது போல நடிக்காதே, அந்த நடிப்புதான் உன்னைப் படுக்க வைத்தது. நன்றாக இருக்கிறது என்று நீயாக மாத்திரையை நிறுத்தாதே, டாக்டரைக் கேள். உன் சத்தம் உனக்கு எப்படியோ, நித்யாவுக்கும் ஏதோ ஒன்று அப்படி இருக்கும். நீ நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது அவளுக்கு ஒரு நாள் தாங்காமல் போகலாம். அவள் கையைத் தூக்கினால் நீ முதலில் நிறுத்து, பிறகு ஏன் என்று கேள். உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது எதற்காவது கையைத் தூக்கினால், சின்னது, அதற்கு என்ன தெரியும் என்று சிரிக்காதே. இது ஒன்றுதான் நான் மில்லில் கற்றுக்கொண்டு வீட்டில் மறந்தது.

நீ சரி என்று சொன்னால், முகூர்த்தத்தன்று நான் மணவறைக்குப் பக்கத்தில் நிற்க மாட்டேன், மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நிற்பேன். நேற்றுத் திரும்பி வரும் வழியிலேயே தவில்காரரிடம் பேசிவிட்டேன். என் கை மூடினால் எல்லாம் நிற்க வேண்டும் என்றேன். “தாலி ஏறும்போது நிறுத்தறதா? என் சர்வீஸ்ல இல்லீங்களே” என்று தலையைச் சொறிந்தார். இந்த ஒரு கல்யாணத்தில் உண்டு என்றேன். ஆனால் தாலி கட்ட உனக்கு இரண்டு கையும் வேண்டுமே, நீ எப்படிக் காட்டுவாய் என்று நேற்று அவர்கள் வாசலில் செருப்பு மாட்டும்போது யோசனை வந்தது. அதனால் நித்யாவைக் கூப்பிட்டு அந்தக் கையைச் சொல்லிக் கொடுத்தேன். விரித்துத் தூக்கி, மூடிக் காட்டினாள். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. உன் முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியும். உனக்கு முடியவில்லை என்றால் உனக்காக அவள் தூக்குவாள். பாதி முடிச்சில் ஆனாலும் சரி, சொந்தபந்தம் எல்லாம் என்னைப் பைத்தியம் என்றாலும் சரி, நான் நிறுத்திவிடுவேன். ஏன் என்று கேட்க மாட்டேன். மண்டபமே தாலியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கதவைத் திற. அம்மா உனக்குத் தனிக் கிண்ணத்தில் சட்னி எடுத்து வைத்திருக்கிறாள்.

அப்பா